உங்களுக்குத் தெரியுமா? வரி கேட்டவருக்குத் தாரும் இறகும்!

பாஸ்டன் மக்களின் வரி எதிர்ப்பைக் காட்டும் புகழ்பெற்ற கேலிச்சித்திரம் ஒன்று அச்சானது அமெரிக்காவில் அல்ல, லண்டனில்! 1774 அக்டோபரில் வெளிவந்த இதை வரைந்தவர் பிலிப் டாவ் என்று கருதப்படுகிறது.

உடம்பெல்லாம் தார் பூசி இறகு ஒட்டப்பட்ட நிலையில், பெரிய கோழியைப் போல இருக்கிறார் சுங்க அதிகாரி ஜான் மால்கம். ஐந்து பேர் சூழ்ந்துகொண்டு அவர் வாயில் தேநீரை ஊற்றுகிறார்கள். பின்னால் போராட்டக்காரர்கள் கூடும் ‘சுதந்திர மரம்’; அதில் தூக்குக் கயிறு, பிரிட்டன் வரி விதித்த முத்திரைச் சட்டம் தலைகீழாக ஒட்டப்பட்டிருக்கிறது. தூரத்துக் கப்பலிலிருந்து, வரியை எதிர்த்துத் தேயிலை கடலில் கொட்டப்படுகிறது. உண்மையில் அது நடந்தது 1773 டிசம்பர் 16. மால்கம் பிடிபட்டதோ 1774 ஜனவரி 25, கடுங்குளிர் இரவில். ஓவியர் இரண்டையும் ஒரே படத்துக்குள் அடைத்துவிட்டார்!

அன்றைய கலவரத்துக்கு உடனடிக் காரணம் வரிகூட இல்லை. ஒரு சிறுவனை மால்கம் மிரட்ட, தட்டிக்கேட்ட செருப்புத் தொழிலாளி ஜார்ஜ் ஹியூஸின் தலையில் அவர் கைத்தடியால் ஓங்கி அடித்ததுதான்.

அந்த ஐவரின் முகங்களைப் பாருங்கள்: போராளிகளாக அல்ல, பல்லிளிக்கும் ரவுடிகளாகவே வரைந்திருக்கிறார் ஓவியர். லண்டன்காரர் பார்வையல்லவா! மால்கமோ தாரோடு உரிந்த தன் தோலையே சாட்சியாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள்.