ஜப்பான் மீட்ட நீதியுரிமை

தன் மண்ணில் குற்றம் இழைத்த அயலானைத் தானே விசாரிக்க இயலாத நாட்டைத் தன்னுரிமை நாடு என்று கூறலாமா? ஜப்பானிய வரலாற்றைப் பயிலுந்தோறும் இவ்வினா என் உள்ளத்தில் எழுவதுண்டு. 1858-ஆம் ஆண்டு அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு முதலிய ஐந்து நாடுகளோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் ஜப்பானை அந்நிலையில் நிறுத்தின. அயல்நாட்டார் மீதான வழக்குகளை அவரவர் தூதரக மன்றங்களே விசாரித்தன. சுங்கவரியை விரும்பியவாறு உயர்த்தும் உரிமையும் ஜப்பானுக்கு இல்லை.

இதன் கொடுமையை 1886-இல் நேர்ந்த விபத்தொன்று நாடெங்கும் உணர்த்தியது. நார்மன்டன் என்னும் ஆங்கிலேயக் கப்பல் மூழ்கியபோது, அதன் தலைவனும் ஐரோப்பிய மாலுமிகளும் படகேறித் தப்பினர். ஜப்பானியப் பயணிகள் 25 பேரும் மாண்டனர். கோபே நகரத்துப் பிரிட்டிஷ் தூதரக மன்றம் தலைவன்மீது குற்றமில்லை என்றது. மக்கள் கொதித்தெழுந்த பின்னர் நடந்த மறுவிசாரணையிலும் அவன் பெற்ற தண்டனை மூன்று மாதச் சிறைவாசமே.

வெளிநாட்டமைச்சர் இனோவே மேனாட்டாரை நடன விருந்துகளால் மகிழ்விக்க முயன்றார். ஜப்பானிய மன்றங்களில் அயல்நாட்டு நீதிபதிகளை அமர்த்தவும் இசைந்தார். எதிர்ப்பு மூளவே 1887-இல் பதவி விலகினார். பின்னர் அப்பொறுப்பேற்ற ஓகுமா, 1889-இல் வெடிகுண்டு வீச்சில் ஒரு காலை இழந்தார்.

விருந்தால் ஆகாதது சட்டத்தால் ஆயிற்று. ஜப்பான் 1889-இல் அரசியலமைப்பை வகுத்தது. சட்டத் தொகுப்புகளைப் புதுக்கியது. ருசியாவின் வளர்ச்சியை அஞ்சிய பிரிட்டனும் மனம் இளகியது. முட்சு முனெமிட்சு அமைச்சராயிருந்த காலத்தில், 1894 ஜூலை 16-இல் லண்டனில் புதிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1899-இல் தூதரக மன்றங்கள் மறைந்தன. சுங்க உரிமை 1911-இல் முழுமையாகக் கிட்டியது.

மாணவ நண்பர்களே, ஒன்றை மறத்தலாகாது. தான் வெறுத்த அதே வகை உடன்படிக்கையை 1876-இல் கொரியாவின் மீது சுமத்தியதும் ஜப்பானே. தனக்கு வேண்டிய நீதியைப் பிறர்க்கும் வழங்குவதே உண்மையான சமத்துவம் என்பேன்.