அத்தைக்கு ஓர் அகப்பக்கம்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மலையேறினால் முதலில் வரும் ஊர் ரிங்லெட். அங்கே உங்கள் அத்தை, விடுமுறைக்கு வருபவர்களுக்கு வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "நீதான் கணினி படிக்கிறியே, நமக்கு ஓர் அகப்பக்கம் செஞ்சி கொடேன்" என்கிறார். உடனே மடிக்கணினியைத் திறக்கத் தோன்றும். பொறுங்கள். முதலில் அத்தையோடு உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீர் குடியுங்கள்.

யார் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். "அழகா இருக்கணும்" என்பார். அது பதில் இல்லை. தினமும் தொலைபேசியில் அழைப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். அறை காலியா, விலை என்ன, கார் நிறுத்த இடம் உண்டா, சமைக்கலாமா? இந்த நான்குக்கும் பதில் சொன்னால் போதும், பக்கம் தயார். எதைச் செய்யப் போகிறீர்கள், எதைச் செய்யப் போவதில்லை, படங்களை யார் எடுத்துத் தருவது, எந்தத் தேதிக்குள் முடிப்பது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அத்தையிடம் கையெழுத்தா என்று சிரிக்க வேண்டாம். இரண்டு வாரம் கழித்து மாமா வந்து, "அப்படியே ஸ்ட்ராபெரி ஜாமையும் அதுல வித்துடலாமே" என்பார். அப்போது அந்தத் தாள்தான் கைகொடுக்கும். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாதீர்கள். "செய்யலாம் மாமா, ஒரு மாதம் கூடுதலாகும்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஜாம் காத்திருக்கும்.

தமிழிலும் பக்கம் வேண்டும் என்று அத்தை கேட்டால்? இன்று அது பெரிய வேலை இல்லை. 1995-இல் அப்படி இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தரும் இணையத்தளம் ஒன்றை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்தார். சீனம், மலாய், ஆங்கிலத்தோடு தமிழும் திரையில் வந்தாக வேண்டும். அன்றைய உலாவிகளுக்கோ தமிழே தெரியாது. எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவினரோடு சேர்ந்து அதைச் சாதித்தார்.

கவிதையைப் படமாகப் போட்டுவிடலாமே என்று நினைப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்கால மோடம் ஒன்றின் வேகம் நொடிக்கு 28.8 கிலோபிட். 100 கிலோபைட் படம் என்றால் 800 கிலோபிட். வந்து சேர ஏறத்தாழ 28 நொடி. அதே கவிதை எழுத்தாக இருந்தால் 2 கிலோபைட்கூட ஆகாது, ஒரு நொடிக்குள் வந்துவிடும். ஆனால் எழுத்தாக அனுப்பினால் வேறொரு தொல்லை. ஆளுக்கொரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு குறியீடு. ஒன்றில் தட்டியதை இன்னொன்றில் திறந்தால் திரையில் குப்பைதான் தெரியும்.

யூனிகோட் வந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. இப்போது எல்லாக் கணினிக்கும் 'அ' என்றால் 2949. ஆனாலும் ஒரு விஷயம் கவனியுங்கள். 'மீனாட்சி' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, ட்-ஐயும் சேர்த்து. கணினிக்கு அது எட்டுக் குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24 பைட். பதிவுப் படிவத்தில் பெயருக்கு 20 பைட் மட்டும் ஒதுக்கினீர்களானால் மீனாட்சியின் வால் அறுந்துவிடும். 'சோதனை' என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்தைத் தட்டிப் பார்த்துத் திருப்தியடைபவர்கள் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார்கள். உங்கள் வகுப்புத் தோழர்களின் பெயர்களைத் தமிழிலேயே போட்டுப் பாருங்கள்.

சோதனையில் கோட்டை விட்டவர்கள் சிறுபிள்ளைகள் மட்டுமல்லர். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதித் தளம் 2013 அக்டோபர் 1-இல் திறந்தபோது, முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் வெறும் 6 பேர். திட்டங்களைப் பார்வையிடும் முன்பே எல்லாரும் கணக்குத் தொடங்கியாக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கூட்டம் முழுவதும் அந்த ஒரே வாசலில் முட்டிக்கொண்டது. அத்தையின் பக்கத்திலும் விலையைப் பார்க்கக் கணக்குத் தொடங்கச் சொல்லாதீர்கள்.

படங்களுக்கு வருவோம். கைத்தொலைபேசியில் எடுத்த படம் ஒன்று 4 மெகாபைட் இருக்கும். மலைவளைவில் இணைய வேகம் நொடிக்கு 2 மெகாபிட்டாகக் குறைந்தால், அந்த ஒரு படத்துக்கே 16 நொடி. ஆறு படம் போட்டால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல். அதற்குள் விருந்தாளி பக்கத்து வீட்டில் அறை எடுத்துவிடுவார். ஒவ்வொன்றையும் 200 கிலோபைட்டாகச் சுருக்குங்கள், ஆறும் சேர்ந்து 5 நொடிக்குள் வந்துவிடும்.

வேலை முடிந்ததும் தளத்தின் முகவரியை அத்தையின் பெயரிலேயே பதிவு செய்யுங்கள், உங்கள் பெயரில் வேண்டாம். கடவுச்சொற்களை அவரிடம் ஒப்படையுங்கள். படிவம் 5 முடித்து நீங்கள் மலையிறங்கிப் போன பிறகு, டிசம்பர் விடுமுறை விலையை அவர்தான் மாற்ற வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முன்னால், நீங்கள் விசைப்பலகையைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவரையே ஒருமுறை மாற்றச் சொல்லிப் பாருங்கள்.