பந்தும் கிண்ணமும்

மோட்டார் வண்டியை வாங்க வருகிறவர்கள் முதலில் எஞ்சினைத் திறந்து பார்க்கிறார்கள். பிறகு டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து, முன் சக்கரங்களை ஸ்டியரிங்கோடு பிணைக்கும் சின்னஞ்சிறு மூட்டுகளைப் பார்ப்பவர் அரியர். ஓட்டுகிறவன் கையின் கட்டளை சக்கரத்தைச் சென்று சேருவதோ அந்த மூட்டுகளின் வழியாகத்தான். எஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடும், அவ்வளவே. இந்த மூட்டு கழன்றால் வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் நம் சொல்லைக் கேளாது.

இதற்குப் பட்டறையில் 'பால் ஜாயிண்டு' என்று பெயர். நம் இடுப்பில் தொடை எலும்பின் உருண்டைத் தலை ஒரு குழியில் அமர்ந்து பல பக்கமும் திரும்புகிறதல்லவா? அதே அமைப்புதான். எஃகு உருண்டை ஒன்று கிண்ணத்தினுள் கிரீஸ் பூசிய நிலையில் அமர்ந்திருக்கும். வாயை ரப்பர் உறை மூடியிருக்கும். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். புழுதியும் நீரும் உள்ளே புகும். உருண்டையும் கிண்ணமும் தேயும். தில்லியின் கோடைப் புழுதியும், அடுத்து வரும் மழையில் சாலையில் தேங்கும் நீரும் இந்த அழிவைச் செவ்வனே நடத்தி வைக்கும்.

புசா ரோட்டில் குடியிருக்கும் என் மாமாவிடம் 2012-ஆம் ஆண்டின் மாருதி ஜிப்சி ஒன்று இருக்கிறது. அவர் வீட்டில் தங்கிப் பௌதிகம் பயிலும் நானும் அவருமாகச் சேர்ந்து, தேய்ந்த மூட்டுகளை வாசலிலேயே மாற்றினோம். அந்த வேலையின் முறையையும் காரணத்தையும் இங்கே கூற விரும்புகிறேன்.

ஜிப்சி 1985 டிசம்பரில் வெளிவந்தது. 2019-க்குள் அதன் பொது விற்பனை முடிந்துவிட்டது. அதன் முன் அச்சு, பட்டை வில்களின் மேல் அமர்ந்த ஒரே முழு அச்சு. சக்கரத்தின் பாரத்தைத் தாங்குபவை கிங் பின் பேரிங்குகள். பால் ஜாயிண்டுகள் இருப்பது ஸ்டியரிங் தண்டுகளின் முனைகளில். ஆகவே கடையில் 'டை ராட் எண்டு' என்று கேட்க வேண்டும். 1998-இல் வந்த டாட்டா சபாரி, 2002-இல் வந்த மகிந்திரா ஸ்கார்பியோ போன்றவற்றின் கதை வேறு. அவற்றில் முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்திருப்பவையே பால் ஜாயிண்டுகள். அங்கே வில்லின் பெருவிசை அடங்கிக் கிடப்பதால், பழகாதவர் வீட்டில் தொடாதிருப்பதே நலம்.

மூட்டு தேய்ந்ததை எப்படி அறிவது? வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதளவு அசைக்கட்டும். மற்றவர் மூட்டின் மேல் விரலை வைத்துப் பார்க்கட்டும். தண்டு முதலில் அசைந்து கரம் பின்னால் அசைந்தால் மூட்டில் ஆட்டம் உண்டு. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் ஐயம் பேரிங்கின் மேல் விழ வேண்டும். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங், மறையாவிட்டால் பெரும்பாலும் கிங் பின் பேரிங்.

ஒரு மில்லிமீட்டர் ஆட்டம்தானே என்று எண்ணலாகாது. கரத்தின் நீளம் 15 செண்டிமீட்டர், சக்கரத்தின் ஆரம் 35 செண்டிமீட்டர் என்று கொள்வோம். மூட்டில் 1 மில்லிமீட்டர் என்பது டயரின் முன் விளிம்பில் 2.3 மில்லிமீட்டர் ஆகிவிடும். நெம்புகோல் விதி நமக்காக விலகி நிற்பதில்லை.

இனி வேலைக்கு வருவோம். சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியால் தூக்கியபின் முன் அச்சை உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, மரைகளைத் துலக்குங்கள். பூட்டு நட்டைத் தளர்த்தி, அதன் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். பிளவு ஊசியை எடுத்துவிட்டு, பல்வெட்டு நட்டைச் சில மரைகள் விட்டு வைத்துத் தளர்த்துங்கள்.

இப்போது மூட்டு தானாகக் கழன்று வராது. அதன் தண்டு கூம்பு வடிவானது. விட்டம் 8-க்கு 1 என்ற அளவில் குறுகினால், பக்கச் சாய்வு 3.6 பாகையே. எஃகின் மேல் எஃகுக்கு உராய்வுக் குணகம் 0.15 என்றால் உராய்வுக் கோணம் 8.5 பாகை. சாய்வு அதைவிடச் சிறியதாகையால், உராய்வே கூம்பைப் பூட்டி வைக்கிறது. இதனால்தான் புல்லரால் இழுக்கிறோம். அல்லது கரத்தின் காதில் ஒரு பக்கம் கனத்த சுத்தியலை அணைத்து, எதிர்ப்பக்கம் மற்றொன்றால் ஓங்கி அடிக்கிறோம். காது ஒரு கணம் நெளிகிறது, பிடி விடுகிறது. மரையின் நுனியில் அடிப்பது வீண்.

முனையைத் தண்டிலிருந்து திருகி எடுக்கும்போது சுற்றுகளை எண்ணுங்கள். ஒரு முனையின் மரை இடப்புறமானது என்பதை மறவாதீர்கள். புதியதை அதே சுற்றுகள் ஏற்றுங்கள். கூம்பில் கிரீஸ் தடவ வேண்டாம்; பூட்டி வைப்பது உராய்வு அல்லவா? நட்டைக் கையேடு கூறும் அளவுக்கு முறுக்குங்கள். ஊசித்துளை பொருந்தாவிட்டால் இன்னும் சிறிது முறுக்க வேண்டுமேயன்றித் தளர்த்தலாகாது. ஊசி எப்போதும் புதிதாக இருக்கட்டும்.

உறுப்புகள் வாங்க நாங்கள் காஷ்மீரி கேட் சந்தைக்குப் போனோம். கரோல் பாகிலிருந்து ராஜீவ் சௌக்கில் மெட்ரோ மாறினால் போதும். கையால் அசைத்தால் சற்று இறுக்கமாக, சீராகத் திரும்பும் உருண்டையையே வாங்குங்கள். தளர்ந்து தொங்குவதை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கடைசி வேலை அளவு பார்ப்பது. இரு முன் டயர்களுக்கும் இடையிலுள்ள தூரம் முன்புறமும் பின்புறமும் எவ்வளவு என்று அச்சின் உயரத்தில் அளந்து, அந்த வேறுபாடு கையேட்டின்படி வரும்வரை டை ராடைத் திருகிப் பூட்டு நட்டை இறுக்குங்கள். பிறகு மெதுவாக ஓட்டி, சக்கர நேர்மை பார்க்கும் கடையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். சில நாள் சென்று நட்டுகளையும் ஊசிகளையும் மீண்டும் பாருங்கள்.

நம்மில் பலர் உராய்வுக் கோணத்தைத் தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறோம். அந்தக் கோணத்தை நம்பித்தான் மாமாவின் குழந்தைகள் தினமும் பள்ளிக்குப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, பாடத்தின் மேல் எனக்குப் புதிய மரியாதை பிறந்தது. நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டு வண்டியின் அடியிலும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.