பலாப்பாலும் தராசுத் தட்டும்

சித்திரை பிறந்துவிட்டால் குமணன்சாவடிக் கடைவீதியிலும் பலா வாசனை வந்துவிடும். கோயம்பேட்டில் எடுத்துவரும் பண்ருட்டிப் பழத்தைக் கடை வாசலிலேயே அறுத்து, சுளையாக விற்கும் வணிக அன்பர்கள் நம்மில் உண்டு. கோடைக்கு நல்ல வரும்படிதான். ஆனால் பழத்தோடு வரும் பாலை என்ன செய்வது?

சென்ற ஆண்டு நாம் ஒரு பாடம் கற்றோம். பழம் அறுத்த கையோடு கடைப்பையன் தட்டுத் தராசைத் தண்ணீர் விட்டுக் கழுவினான். பார்வைக்குச் சுத்தம். மறுநாள் பருப்பு வாங்கிய அம்மாள் திரும்பி வந்து, "எடை குறையுதே தம்பி" என்றார். தட்டைத் திருப்பினால் அடியில் பிசின் கெட்டியாகப் படிந்திருக்கிறது. அதில் உமியும் சாக்கு நாரும் வேறு! குறைந்ததை அளந்து கொடுத்தோம், ஆனால் வெட்கம் போகவில்லை. சரக்குத் தட்டில் பிசின் ஒட்டினால் வாங்குபவருக்கு நட்டம். எடைக்கல்லின் அடியில் ஒட்டினால் நமக்கு நட்டம். மின்னணுத் தராசில் தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒட்டிக்கொண்டால் எடையே சரியாகக் காட்டாது. 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தின் முன், "பலாப்பால் செய்த வேலை ஐயா" என்றால் எடுபடுமா?

பலாப்பாலில் பிசினும் ரப்பரும் நுண்துகள்களாக மிதக்கின்றன. காற்றுப் பட்டால் திரண்டு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் இளகும். ஆகவே நம் வீட்டுப் பெண்கள் செய்வதே சரியான முறை. அறுக்கும் முன்பே கத்தியிலும் கைகளிலும் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ள வேண்டும். பழத்தைப் பிளந்ததும் வடியும் பாலைத் துடைத்துவிட்டு, நடுத்தண்டை முதலில் அரிந்து எடுத்தால் தொல்லை பெரிதும் குறையும். தட்டில் ஒட்டிவிட்டால் எண்ணெய்த் துணியால் தேய்த்து, காய்ந்த துணியால் வழித்து, அதன் பிறகே சோப்பும் வெந்நீரும். மின்னணுத் தராசின் தட்டைக் கழற்றித்தான் துடைக்க வேண்டும்; எண்ணெய் உள்ளே இறங்கக் கூடாது.

மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பாரும் உண்டு. வேண்டவே வேண்டாம், அது வயிற்றுக்குப் போகும் சுளையில் வாடை ஏற்றிவிடும். செய்தித்தாளில் சுளை கட்டுவதும் கூடாது. தாள் பிய்ந்து சுளையோடு ஒட்டும், மையும் இறங்கும். 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிகள் அதைத் தடுத்திருக்கின்றன. வாழையிலை போதுமே.

மாங்காய்ப் பால் வேறு ரகம். காம்பிலிருந்து வடிந்து தோலைக் கருக்கிவிடும். காம்பு ஒடிந்து பால் வடிகிற காயைக் கூடையிலிருந்து பிரித்து, உடனே கழுவிவிட வேண்டும்.

இந்தப் பருவத்தில் நாம் பலாவுக்கென்றே ஒரு தராசை ஒதுக்கி, அதற்கும் முறைப்படி முத்திரை வைத்துவிட்டோம். பருப்புத் தராசை வாசல் பக்கம் கொண்டுபோவதே இல்லை.