சங்கத்தின் பெயர்ப் பட்டியல் எங்கே இருக்கிறது? பகிர் வழங்கியில் லாரவெல் தளம் ஏற்றுவோர் கவனத்துக்கு

டூட்டிங்கிலும் அதைச் சுற்றியும் வாழும் எங்கள் குடும்பங்களுக்கு ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், வார இறுதித் தமிழ்ப் பள்ளி என்று பல அமைப்புகள் உண்டு. முன்பு கொப்பியில் எழுதிவைத்த அங்கத்தவர் விபரங்கள் இப்போது இணையத்தளங்களுக்குப் போய்விட்டன. பெரும்பாலும் கணினி படிக்கும் பிள்ளை ஒருவரே தளத்தை இலவசமாகச் செய்து கொடுக்கிறார். வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம், பிள்ளைகளின் பிறந்த திகதி, ஊரிலுள்ள உறவினரின் விபரம் எல்லாம் அதில் சேர்கின்றன.

பெயர்ப் பட்டியல் பிழையான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களிடம் வாக்காளர் இடாப்பு இருந்தது. ஆகவே தளத்தை ஏற்றும் வேலையை நிர்வாகக் குழுவும் ஓரளவு விளங்கி வைத்திருப்பது நல்லது.

மாதம் சில பவுண்களுக்குக் கிடைக்கும் பகிர் வழங்கி, அறை அறையாக வாடகைக்கு விட்ட வீடு போன்றது. ஒரே கணினியில் பல வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். 'பப்ளிக் எச்டிஎம்எல்' என்ற கோப்புறைக்குள் நீங்கள் போடுவதெல்லாம் உலகத்துக்குத் தெரியும் முன்வாசல். வேர்ட்பிரஸ் போன்றவற்றை அப்படியே அதற்குள் போடுவதுதான் வழக்கம்.

லாரவெல் அப்படியல்ல. 2011 இல் டெய்லர் ஓட்வெல் வெளியிட்ட இந்த பிஎச்பி கட்டமைப்பில் 'பப்ளிக்' என்ற ஒரு கோப்புறை மட்டுமே வெளியாருக்கு உரியது. மற்றதெல்லாம் உள்வீடு. அங்கேதான் 'டொட் என்வ்' என்ற சிறிய கோப்பு இருக்கிறது. தரவுத்தளக் கடவுச்சொல், மின்னஞ்சல் கடவுச்சொல், குறியாக்கத்துக்கான 'ஆப் கீ' எல்லாம் அதில் வெறும் எழுத்தாகவே இருக்கும்.

அவசரத்தில் சிலர் முழுத் திட்டத்தையும் முன்வாசலில் கொட்டிவிடுகிறார்கள். தளம் வேலை செய்யும். ஆனால் தள முகவரிக்குப் பின்னால் அக்கோப்பின் பெயரை யாராவது அடித்தால், அதன் உள்ளடக்கம் அப்படியே திரையில் வரலாம். இப்படியான கோப்புகளைத் தேடித் தானியங்கி நிரல்கள் இணையமெங்கும் அலைகின்றன. உங்கள் சங்கம் சிறியது என்பது அவற்றுக்கு ஒரு பொருட்டல்ல.

சரியான முறை கடினமானதல்ல. திட்டத்தை 'பப்ளிக் எச்டிஎம்எல்'லுக்கு வெளியே, அதன் பக்கத்தில் தனிக் கோப்புறையாக வையுங்கள். துணை முகவரி ஒன்றை உருவாக்கும்போது அதன் 'டொக்கியுமென்ட் ரூட்' ஆக லாரவெலின் 'பப்ளிக்' கோப்புறையையே காட்டுங்கள். பிரதான முகவரிக்கு அதை மாற்ற முடியாவிட்டால், 'பப்ளிக்' கோப்புறையில் உள்ளவற்றை மட்டும் முன்வாசலுக்குப் பிரதி செய்து, 'இன்டெக்ஸ்' கோப்பிலுள்ள பாதைகளைத் திருத்துங்கள்.

வழங்கியில் 'கொம்போசர்' இயங்காவிட்டால், வீட்டுக் கணினியில் அதே பிஎச்பி பதிப்பில் அதை இயக்கி, 'வென்டர்' கோப்புறையைச் சேர்த்து ஏற்றலாம். பதிப்பை முதலிலேயே பாருங்கள்; லாரவெல் 11 க்கு பிஎச்பி 8.2 ஆவது வேண்டும். 'ஸ்டோரேஜ்' கோப்புறையில் எழுத முடியவில்லை என்று பிழை வந்தால் 777 என்று எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். பெரும்பாலான பகிர் வழங்கிகளில் 755 போதும். தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறாதிருக்கத் தரவுத்தளத்தை 'யுடிஎஃப்8எம்பி4' இல் அமையுங்கள்.

'ஆப் டிபக்' என்பதை 'ஃபோல்ஸ்' ஆக்க மறக்க வேண்டாம். அது திறந்திருந்தால் ஒவ்வொரு பிழையும் உள்வீட்டை வெளியே காட்டும். 2021 இல் வெளிவந்த ஒரு குறைபாட்டில், லாரவெலின் 'இக்னிஷன்' என்ற பிழைகாட்டியின் பழைய பதிப்பும் டிபக்கும் சேர்ந்து இயங்கிய தளங்களில் வெளியாள் தன் சொந்த நிரலையே ஓட்ட முடிந்தது.

பிரித்தானியச் சட்டமும் இதைப் பார்க்கிறது. அங்கத்தவர் விபரம் கசிந்து அவர்களுக்கு ஆபத்து வரக்கூடுமானால், அறிந்து 72 மணித்தியாலத்துக்குள் தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். இலவசமாகச் செய்து தந்த பிள்ளை அல்ல, சங்கமே பொறுப்பு.

அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். 'டொட் என்வ்' கோப்பை உலாவியில் திறந்து பார்க்க முயன்றீர்களா? டிபக் மூடியிருக்கிறதா? கடவுச்சொற்களும் காப்புப் பிரதியும் அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாரிடம் உள்ளன? பதில் தெளிவாக வராவிட்டால், ஊரிலுள்ள உறவினரின் விபரத்தை முதலில் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தேவையில்லாத தகவலை வைத்திருக்காமல் விடுவதற்குச் செலவே இல்லை.