குப்பனூர் வழியாகவும் ஏற்காடு

சேலத்திலிருந்து ஏற்காடு என்றதும் கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாகச் செல்லும் 20 கொண்டை ஊசி வளைவுச் சாலைதான் நினைவுக்கு வரும். இன்னொரு பாதையும் உண்டு, நேயர்களே! அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாக மலையேறும் சாலை அது. மழைக்காலத்தில் மண் சரிந்து முதன்மைச் சாலை அடைபட்டால், ஏற்காட்டுக்குக் கைகொடுப்பது இந்தக் குப்பனூர் பாதைதான்.

புறப்படும்போதே அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோயிலில் சற்று இறங்குங்கள். மண்டபத் தூண்களின் சிற்பங்களை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். இலங்கையிலிருந்து திரும்பிய இராமர் இங்கே தங்கினார் என்பது ஊர் நம்பிக்கை.

மலைமேல் ஏரியும் படகுத்துறையும் எல்லோரும் அறிந்தவையே. தவறவிடக் கூடாதது சேர்வராயன் கோயில். 5,300 அடிக்கும் மேலான உயரத்தில், மரமில்லாத பரந்த புல்வெளியின் ஓரத்தில் ஒரு குகை. தலை குனிந்து உள்ளே நுழைந்தால் ஈரப் பாறை, விளக்கொளி, சேர்வராயனும் காவேரி அம்மனும். மலையாளிப் பழங்குடி மக்களின் குலதெய்வம் சேர்வராயன். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்ட மலைக்கிராமங்கள் எல்லாம் இங்கே திரண்டுவிடும்.

காப்பித் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் சாலை இந்தக் குப்பனூர் பாதை. வளைவுகளில் ஒலி எழுப்புங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழி விடுங்கள்.