பந்தியில் இடமில்லை

திருவண்ணாமலை மாட வீதியிலிருந்து எழுதும் ஒரு வாசகர், கோடையில் தம் ஊரில் 40 டிகிரி காய்கிறதென்றும், சென்னையில் 36 டிகிரியில் இருக்கும் தம்பி உயிர் போவதாகப் புலம்புகிறாரென்றும், அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 43 டிகிரியில் வசிக்கும் மகளோ "அப்படியொன்றும் தெரியலையே அப்பா" என்கிறாளென்றும் கூறி, மூவரில் யார் பேச்சை நம்புவது என்று கேட்கிறார். அக்கினி ஸ்தலமாதலால்தான் இவ்வளவு வெப்பமோ என்பது கொசுறுக் கேள்வி. கொசுறை முதலில் தீர்த்துவிடுவோம். சித்திரை இரண்டாம் வாரத்தில் சூரியன் அவ்வூருக்கு நேர் உச்சியில் நிற்கிறது. கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருப்பதால், சென்னையை நண்பகலில் காப்பாற்றும் கடற்காற்று அங்கே எட்டுவதில்லை. அண்ணாமலையார் மேல் பழி போட வேண்டியதில்லை.

மற்றதற்கு விடை வியர்வையில் இருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சரீரத்தினின்று சுமார் 580 கிலோ கலோரி வெளியேறும். ஆவியாகாமல் சொட்டி விழுந்தால் துண்டு நனைவதைத் தவிரப் பிரயோஜனமில்லை. சரீரத்தைக் கல்யாண வீடாகவும், வியர்வையின் நீர் மூலக்கூறுகளை அங்கே குவிந்த விருந்தாளிகளாகவும், வெளிக்காற்றைப் பந்தி நடக்கும் கூடமாகவும் வைத்துக்கொள்வோம். வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒவ்வொருவருக்கும் வீட்டுக்காரர் வழிச்செலவு கொடுத்தனுப்புகிறார். அந்த வழிச்செலவே உஷ்ணம், அவர் மடி காலியாவதே நமக்குக் குளிர்ச்சி. கூடமோ வெப்பத்தோடு விரியும் இயல்புடையது: பத்து டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரு மடங்கு இலை போடலாம். (காற்று நீருக்கு இடம் கொடுப்பதேயில்லை என்று பௌதிக ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்களுக்கும் ஓர் இலை போட்டுவிடுவோம்.) பீனிக்ஸின் ஜூன் மாதப் பிற்பகலில் கூடம் பெரிது, நூறு இலைக்குப் பதினைந்தில்தான் ஆள், போனவர் போனவர்தாம். சென்னையிலோ கூடம் சிறிது, அதிலும் கடல் அனுப்பிய கூட்டம் அறுபது இலைகளை முன்பே பிடித்துக்கொண்டிருக்க, கிளம்பியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஈடாக வேறு ஆட்கள் கூடத்திலிருந்து வீட்டுக்குள் புகுந்து, வழிச்செலவுப் பணத்தை வீட்டுக்காரர் மடியிலேயே திரும்பக் கொட்டிவிடுகிறார்கள். 2003 ஜூலை 8-ஆம் தேதி சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பனிநிலை, அதாவது கூடத்து இலைகளெல்லாம் நிரம்பிவிடும் வெப்பநிலை, 35 டிகிரி பதிவாயிற்று. போகிறவர் தொகையும் வருகிறவர் தொகையும் அங்கே ஏறத்தாழச் சமம்.

இந்தக் கணக்கை ஒரே எண்ணாகச் சொல்வது, குமிழில் ஈரத்துணி சுற்றிய உஷ்ணமானி. 43 டிகிரியும் 15 சத ஈரப்பதமும் உள்ள பீனிக்ஸில் அது காட்டுவது சுமார் 23. 40-உம் 35 சதமும் என்றால் திருவண்ணாமலையில் 27. 36-உம் 60 சதமும் என்றால் சென்னையில் 29. வரிசை தலைகீழாகிவிட்டது, தம்பி பொய் சொல்லவில்லை.

சரித்திரம் வேண்டுவோர்க்காக: 1775-இல் வெளியான தம் குறிப்பில் சார்லஸ் பிளாக்டன், முட்டையும் இறைச்சியும் வெந்துபோன உலர்ந்த அறையிலிருந்து தாம் வேகாமல் வெளிவந்ததை விவரித்தார், 1905-இல் ஜே. எஸ். ஹால்டேன், பிற்காலத்தில் இந்தியப் பிரஜையான ஜே. பி. எஸ். ஹால்டேனின் தந்தை, உழைக்கும் மனிதனைச் சாய்ப்பது ஈரத்துணி உஷ்ணமானியின் அளவே என்று காட்டினார். போதும்.

ஆகவே 'உலகிலேயே கொதிக்கும் நகரம்' என்று பத்திரிகைகள் ஆண்டுதோறும் பட்டம் சூட்டும்போது நான் பக்கத்தைப் புரட்டிவிடுகிறேன். எண்ணே பிழையாக இருப்பதும் உண்டு: லிபியாவின் அல் அஸீஸியாவில் 1922-இல் பதிவான 58 டிகிரியைத் தொண்ணூறு ஆண்டு பாராயணம் செய்தபின் 2012-இல் உலக வானிலை ஸ்தாபனம் தள்ளுபடி செய்தது, 2024 மே மாதம் டில்லி முங்கேஷ்பூரில் 52.9 என்று அமர்க்களப்பட்டதில் மூன்று டிகிரி கருவியின் கோளாறு. எண் சரியாகவே இருந்தாலும், அது நிழலில், தரைக்கு நாலடி மேலே, வெள்ளைப் பெட்டிக்குள் எடுத்தது. உச்சிவேளையில் வெறுங்காலோடு கருங்கல் பிராகாரத்தைச் சுற்றுகிறவர் நார்விரிப்பைத் தேடி ஓடுவதற்கு அதில் கணக்கில்லை.

மகளின் சௌகரியத்தையும் முழுக்க நம்புவதற்கில்லை. 43 டிகிரிக் காற்று தோலைவிடச் சூடானதால், வழிச்செலவு வெளியேறும்போதே கொல்லை வழியாக உஷ்ணம் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அதை ஈடுகட்ட அதிகமாய் வியர்க்க வேண்டும், வியர்த்ததும் உடனே உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போயிற்றென்று தெரிவதுமில்லை. பீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா மாவட்டத்தில் 2023-இல் வெப்பத்தால் மாண்டவர்கள் 645 பேர்.